எண்ணூர் வண்டிக்கு ஒரு கூரை: பழைய தொழிற்சாலைப் பேருந்துக்கு மானியம் கிடைத்த விதம்

பின்னணி

வடசென்னையில் பழைய ரயிலுக்கு ஆதரவு உண்டு. 1856ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரம் நிலையம் பழுது பார்க்கப்பட்டு இன்றும் இயங்குகிறது. 1855ல் செய்த ஒரு நீராவி எஞ்சினை 2010ல் மறுபடி ஓட வைத்தது பெரம்பூர் லோகோ பட்டறை. ரயில் பெட்டி செய்யும் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். அருகில் 2002லிருந்து ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் பின்னால் ரயில்வே என்ற பெரிய நிர்வாகம் நிற்கிறது. பேருந்துக்கு அப்படி யாரும் கிடையாது. ஓடி முடித்த வண்டி ஏலத்துக்குப் போகும், அங்கிருந்து காயலான் கடைக்குப் போகும். 15 வயதைத் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் முதல் புதுப்பிப்பதில்லை என்று ஆனபின் அந்தப் பயணம் இன்னும் வேகமாகிவிட்டது. இத்தனைக்கும் நாடு முழுக்க ஓடிய எத்தனையோ பேருந்துகளின் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், பிறந்த இடம் எண்ணூர். 1948ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955ல் அசோக் லேலண்டு ஆன நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது.

இந்த ஆய்வு அப்படி ஒரு எண்ணூர் வண்டியைப் பற்றியது. திருவொற்றியூரில் ஒரு பள்ளியின் விளையாட்டுத் திடல் ஓரத்தில் முப்பது வருடத்துக்கும் மேலாக அது நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன் ஒரு தொழிற்சாலையின் தொழிலாளர் பேருந்து. காலை ஷிப்டுக்கு ராயபுரம் கல்மண்டபத்தில் கிளம்பி, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் என்று ஆள் ஏற்றிக்கொண்டு எண்ணூர் வரை போகும். தொழிற்சாலை மூடியபோது பள்ளி அதை விலைக்கு வாங்கியது. கொஞ்ச காலம் பிள்ளைகளை ஏற்றி ஓட்டினார்கள். அப்புறம் டயர்களைக் கழற்றிவிட்டு, செங்கல் அடுக்கி அதன் மேல் நிறுத்தி, விளையாட்டுச் சாமான் போட்டு வைக்கும் அறையாக்கிவிட்டார்கள்.

2022ல் புதிய வகுப்பறைகள் கட்ட இடம் தேவைப்பட்டது. காயலான் கடைக்காரர் கிலோ கணக்கில் விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார். அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் மகள், அதே பள்ளியில் படித்தவர், விஷயம் கேள்விப்பட்டுத் தாளாளரைப் போய்ப் பார்த்தார். “அப்பா சர்வீஸ் பூரா இந்த வண்டியிலதான் சார் போய்ட்டு வந்தாரு. ஒரு மாசம் டைம் குடுங்க” என்று கேட்டார். தாளாளர் மூன்று மாதம் கொடுத்தார். முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். பள்ளிக்கு அந்தப் பணம் தேவைப்பட்ட நேரம் அது என்பதால் இதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

அந்த மூன்று மாதத்தில் ஒரு குழு சேர்ந்தது. ஓய்வு பெற்ற ஃபிட்டர், வங்கியில் வேலை பார்க்கும் அவர் மகள், அந்தக் காலத்தில் பஸ் பாடி கட்டிய தச்சர் ஒருவர், மாநகரப் பேருந்து டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவர், கல்லூரியில் வரலாறு சொல்லிக் கொடுக்கும் ஓர் ஆசிரியை. மானிய விண்ணப்பங்கள் எழுத உதவுவதற்காக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கோப்புகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியில் பார்த்தது

கை வைப்பதற்கு முன் இருப்பதை எழுதி வைப்பது என்று ஆசிரியை பிடிவாதமாக இருந்தார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தக் குறிப்பேடுதான் ஆதாரமாக நின்றது.

சேசிஸ் தகட்டில் எண்ணூர் என்ற ஊர்ப்பெயர் தெளிவாக இருந்தது. பின்பக்க நம்பர் பிளேட் பல பூச்சுகளுக்கு அடியில் கிடந்தது. மெல்லச் சுத்தம் செய்தபோது எம் எழுத்தில் தொடங்கும் பழைய எண் வெளியே வந்தது. 1969ல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆவதற்கு முன் பதிவான வண்டிகளுக்கு இருந்த எழுத்து அது. ஆர்.சி. புத்தகம் எங்கும் கிடைக்கவில்லை. தொழிற்சாலையின் ஆவணங்களும் கலைந்து போயிருந்தன.

பாடி முழுக்கத் தேக்குச் சட்டம், அதன் மேல் அலுமினியத் தகடு. மேல்பாதி நன்றாக இருந்தது. கூரை வளைவுகளில் ஒரு விரிசல்கூட இல்லை. கீழ்ப்பாதிதான் பிரச்சினை. தூண்களின் அடி, தரைப்பலகையைத் தொடும் இடத்தில் உளுத்துப்போய், திருப்புளியை அழுத்தினால் உள்ளே போயிற்று. அலுமினியத் தகட்டில் இரும்புத் திருகாணி இறங்கிய ஒவ்வொரு இடத்தைச் சுற்றியும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இரண்டு உலோகங்கள் ஒட்டி நின்று, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் இப்படித்தான் அரிக்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்ற வண்டிக்கு இது நேராமல் இருந்தால்தான் அதிசயம். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் அதன் இடத்திலேயே இருந்தது. ஆனால் இன்ஜெக்‌ஷன் பம்ப்பும் ரேடியேட்டரும் என்றைக்கோ கழன்று போயிருந்தன.

ஜன்னல்களுக்கு மேலே, இரண்டு பக்கமும், நீளவாக்கில் ஓர் இரும்புக் கம்பி ஓடியது. அதில் வரிசையாகக் கொக்கிகள். பந்து வலை மாட்டப் பள்ளியில் அடித்திருப்பார்கள் என்று நினைத்து, முதல் நாள் குறிப்பில் அதை ஒரே வரியில் முடித்திருந்தோம். மறுவாரம் வந்த ஃபிட்டர் ஏறியதும் நேராகப் போய் ஒரு கொக்கியைப் பிடித்தார். “இது நாங்க பண்ணதும்மா. டிபன் கேரியர் மாட்டறதுக்கு. கீழ வச்சா டோல்கேட் திருப்பத்துல குழம்பு கொட்டிரும்” என்றார். நிர்வாகம் வாங்கித் தந்தது அல்ல. பட்டறையில் வெட்டி மிச்சமான கம்பியைச் சாப்பாட்டு இடைவேளையில் ஆளாளுக்கு வளைத்து மாட்டியது. அதனால் ஒரு கொக்கி போல இன்னொன்று இல்லை. ஒன்று மீன் தூண்டில் போல நுனி உள்ளே மடங்கியிருந்தது. இன்னொன்றைத் தட்டையாக அடித்து, ஓரத்தை அரம் போட்டு மழுக்கியிருந்தார்கள். சிலவற்றின் மேலே பெயின்டில் தொழிலாளர்களின் டோக்கன் எண்கள். ஃபிட்டர் தன் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டு, பக்கத்து எண்களுக்கு உரியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். மகள் எழுதிக்கொண்டார். பாதிப் பேர் இப்போது இல்லை.

அதே மாதிரியான சேசிஸ் வேறு எங்காவது மிஞ்சியிருக்கலாம். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தங்கள் கையால் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்ட வண்டி என்பதுதான் இதன் மதிப்பு. இதைப் புரிந்துகொண்ட நாளிலேயே விண்ணப்பத்திலும் சேர்த்திருக்க வேண்டும். சேரவில்லை. அது எப்படி என்று கீழே வருகிறது.

பணம் தேடியது

முதலில் எல்லாருடைய பார்வையும் பிரிட்டன் பக்கம் போனது. பழைய ரயில், டிராம், பேருந்து, படகு எல்லாவற்றுக்கும் அங்கே மானிய வழிகள் உண்டு. லாட்டரி வருமானத்திலிருந்து 1990களில் இருந்தே மரபுப் பாதுகாப்புக்குப் பணம் கொடுக்கும் தேசிய நிதியம் இருக்கிறது. தொழில், அறிவியல் வரலாற்றுப் பொருட்களை அருங்காட்சியகங்கள் வாங்கவும் பழுது பார்க்கவும் தனி நிதி இருக்கிறது. தொழில்துறைத் தொல்லியலுக்கான சங்கம் ஒன்றும் சீரமைப்பு மானியம் தருகிறது. ஆனால் அவை அந்த நாட்டுப் பணிகளுக்கானவை. வெளிநாட்டில் வேறு யாராவது நல்ல மனதோடு கொடுத்தாலும் நம்மால் வாங்க முடியாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு அமைப்பு மூன்று ஆண்டுகள் இயங்கி, தன் நோக்கத்துக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். மூன்று மாத வயதுள்ள குழுவுக்கு அந்தக் கதவு இல்லை.

ஆனாலும் அந்த விண்ணப்பப் படிவங்களைப் படித்தது வீண் போகவில்லை. பொருள் யாருடையது, அதில் என்ன தனித்தன்மை, இன்றைய நிலை என்ன, பொதுமக்கள் எப்படிப் பார்ப்பார்கள், மானியம் தீர்ந்தபின் யார் பராமரிப்பார்கள் என்று கேட்கிறார்கள். எஞ்சின் ஓடுமா என்பது அந்த வரிசையில் பின்னால்தான் வருகிறது.

உள்நாட்டில் மூன்று வழிகள் தெரிந்தன. மத்திய கலாச்சார அமைச்சகத்தின் அருங்காட்சியக மானியம், புதிய அருங்காட்சியகம் அமைக்கவும் இருப்பதை மேம்படுத்தவும் கிடைப்பது. தனியாக நிற்கும் ஒரு வண்டிக்கு அது பொருந்தாது. 1996ல் தொடங்கிய தேசியக் கலாச்சார நிதி மூலம் நன்கொடை திரட்டலாம். ஆனால் இந்த அளவுக்குச் சின்ன வேலையோடு அங்கே போவதில் பயன் இருக்காது என்று குழு கருதியது. மிஞ்சியது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, எல்லாரும் சொல்கிற சி.எஸ்.ஆர். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்லும் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் தேசிய மரபு, கலை, பண்பாட்டுப் பாதுகாப்பும் இருக்கிறது. தொழில் நடக்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. மணலியிலும் எண்ணூரிலும் இவ்வளவு தொழிற்சாலைகள் இருக்கும்போது இதுதான் நமக்கான வழி என்று தோன்றியது.

முதல் விண்ணப்பம்

2022 செப்டம்பரில் பழைய தொழிலாளர்கள் போட்ட காசில் கிரேனும் டிரெய்லரும் பிடித்து, வண்டியை எர்ணாவூரில் ஒரு நண்பரின் காலி மனைக்குக் கொண்டு போனார்கள். மேலே தார்ப்பாய். 2023 தொடக்கத்தில், வாகனத் துறையில் இல்லாத ஒரு நிறுவனத்திடம் முதல் விண்ணப்பம் போனது.

கேட்டது 34 லட்சம் ரூபாய். பேருந்தை முழுதாகச் சீரமைத்து, பழைய வழித்தடத்தில் ஒரு விழா நாளில் ஓட்டிக் காட்டுவது திட்டம். பாடி வேலைக்குக் கரூரில் ஒரு பட்டறையில் விலைப்புள்ளி வாங்கியிருந்தார்கள். அந்தப் பட்டறை நேர்மையாகவே சொன்னது: மரச்சட்டத்தை வைத்துக்கொண்டு வேலை செய்தால் நாளாகும், இரும்புச் சட்டத்தில் பழைய தோற்றத்தில் புது பாடி கட்டித் தருகிறோம். குழுவில் பெரும்பாலோருக்கு அது சரியென்று பட்டது. வண்டி ஓட வேண்டும் என்ற ஆசை அவ்வளவு. தச்சர் மட்டும், “அப்ப என்னத்தங்க காப்பாத்துறோம்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். கொக்கிகளைப் பற்றி விண்ணப்பத்தின் பின்னிணைப்பில் ஒரு படம் மட்டும் போனது.

நிறுவனம் மறுத்தது. ஆனால் காரணங்களை எழுத்தில் கொடுத்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும், பல இடங்களில் பதிலே வராது. முதல் காரணம், குழுவின் தகுதி. சி.எஸ்.ஆர். பணத்தைப் பெற்றுச் செலவு செய்யும் அமைப்புக்கு வருமான வரிச் சட்டத்தின் வரிச்சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளும், அதே மாதிரிப் பணிகளில் மூன்று ஆண்டு அனுபவமும், அதோடு நிறுவன விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர். 1 பதிவும் வேண்டும். இரண்டாவது, உரிமை. பள்ளி கொடுத்த கடிதத்தில் ‘ஒப்படைக்கிறோம்’ என்று மட்டும் இருந்தது. யாருக்கு, என்ன நிபந்தனையில் என்று இல்லை. மூன்றாவது, வண்டியைச் சாலையில் ஓட்டச் சட்டப்படி வழி என்ன என்ற கேள்வி.

இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் விஷயம் தெளிவானது. 2021ல் வந்த பழம்பெரும் வாகன விதிகள் 50 வயது தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு தருகின்றன. ஆனால் அவை இரு சக்கர வாகனங்களுக்கும் சொந்த உபயோகக் கார்களுக்கும்தான். பேருந்து அதில் வராது. ஆர்.சி. இல்லாமல், எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வழியில்லாமல், 34 லட்சத்தில் ஓடும் வண்டி செய்து அதைக் காம்பவுண்டுக்குள்ளேயே நிறுத்தி வைக்க வேண்டியதாகியிருக்கும்.

டிசம்பர் 2023

மறுப்பால் துவண்டு போயிருந்த நேரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 4ஆம் தேதி வெள்ளத்தில் எர்ணாவூர் மனையில் தண்ணீர் பேருந்தின் தரைப்பலகை வரை ஏறியது. அந்தத் தண்ணீரில் எண்ணெய் கலந்திருந்தது. பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளிலும் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்திலும் அந்த எண்ணெய் செய்த நாசம் எல்லாரும் அறிந்தது. குழுவில் இருவர் வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கசடு படிந்திருந்தது. முதல் பத்து நாள் யாரும் வண்டிப் பக்கம் போகவில்லை. போகக்கூடாது, வீடுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குள்ளேயே முடிவு செய்திருந்தார்கள்.

போய்ப் பார்த்தபோது நீர்மட்டம் நின்ற உயரத்தில் வண்டியைச் சுற்றி ஒரு கருங்கோடு. உளுத்திருந்த தூணடிகள் எண்ணெயும் தண்ணீரும் குடித்து ஊறியிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவலாம் என்றார் ஒருவர். வாட்டர் சர்வீஸ் கொண்டு வந்து பிரஷரில் அடிக்கலாம் என்றார் இன்னொருவர். தச்சர் இரண்டையும் தடுத்தார். மண்ணெண்ணெய் கசடைக் கரைத்து மரத்துக்குள்ளேயே இறக்கிவிடும், பிரஷர் தண்ணீர் இணைப்புகளுக்குள் புகுந்துவிடும். பாத்திரம் விளக்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, துணியில் நனைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் மறுபடி துடைத்தார்கள். கீழ்வரிசைத் தகடுகளைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி எடுத்து வைத்தார்கள், மரத்துக்குக் காற்றுப் படுவதற்காக. தகடுகளின் உட்பக்கத்தில் பாடி கட்டியவர் பென்சிலில் குறித்த அளவுகள் அப்படியே இருந்தன. அவற்றைத் துடைக்காமல் படமெடுத்தார்கள். வெயிலில் வேகமாகக் காய்ந்தால் தேக்கும் வெடிக்கும் என்பதால் தார்ப்பாயைப் பக்கங்களில் தூக்கிக் கட்டி, நிழலில் மெதுவாகக் காய விட்டார்கள். மாதக்கணக்கில் ஆனது.

எடுத்த முடிவுகள்

2024 ஜனவரியில் ஃபிட்டர் வீட்டு மொட்டை மாடியில் நடந்த கூட்டம்தான் திருப்பம். அன்று எடுத்த முடிவுகளைக் காரணத்தோடு பதிவு செய்கிறேன்.

ஓட்டும் திட்டத்தைக் கைவிடுவது. சட்டத் தடை ஒரு காரணம். அதைவிட, ஓட வைக்க வேண்டுமென்றால் மரச்சட்டத்தை எடுத்தாக வேண்டும், சட்டம் போனால் கம்பியும் கொக்கிகளும் புது வண்டியில் மாட்டிய அலங்காரம் ஆகிவிடும். பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவாவின் டுரின் சாசனத்தைக் கூட்டத்தில் வாசித்தார்கள். முடிந்தவரை குறைவாகக் கை வைப்பது, மாற்றிய பாகங்களில் அழியாத அடையாளம் போடுவது என்ற இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். எஞ்சினைத் துரு ஏறாமல் பாதுகாத்து, இருக்கும் நிலையிலேயே விடுவது. என்றாவது ஒரு நாள் யாராவது ஓட்ட நினைத்தால் வழி அடைபடக் கூடாது.

கூரை முதலில். இது ஃபிட்டர் சொன்னது. வெள்ளம் ஏறாத இடத்தில் ஒரு கொட்டகை இல்லாமல் பாடியில் ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது என்றார். எஞ்சின் மேல் அதிக ஆசை வைத்திருந்தவரும் அவர்தான் என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

தனிச் சங்கம் பதிவு செய்வதை விட்டுவிட்டு, ஏற்கெனவே பதிவுகள் உள்ள அறக்கட்டளையோடு சேர்வது. தண்டையார்பேட்டையில் பல ஆண்டுகளாகப் படிப்பை விட்ட பிள்ளைகளுக்குத் தச்சு, வெல்டிங் கற்றுத் தரும் ஓர் அறக்கட்டளை ஒப்புக்கொண்டது. கொட்டகைக்கு மேடான இடமும் தந்தது. பதிலுக்குப் பேருந்தின் உரிமையை அறக்கட்டளைக்கே எழுதித் தர வேண்டும். சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் சொத்தை அதற்குரிய பதிவுள்ள அறக்கட்டளை, சங்கம் அல்லது பொது அதிகார அமைப்பு போன்றவைதான் வைத்திருக்க முடியும் என்பதால் வேறு வழியும் இல்லை. குழுவில் சிலருக்கு இது வலித்தது. “நம்ம வண்டிய யாருக்கோ எழுதிக் குடுக்கறதா?” என்று கேட்டார்கள். விற்கவோ உடைக்கவோ கூடாது, கொக்கிகளைக் கழற்றக் கூடாது, குழுவைக் கேட்காமல் இடம் மாற்றக் கூடாது என்ற நிபந்தனைகளை உரிமைப் பத்திரத்திலேயே சேர்த்த பிறகு சம்மதித்தார்கள்.

இரண்டாவது விண்ணப்பம்

அதே நிறுவனத்திடம், 2024 மார்ச்சில். இந்த முறை கேட்டது 12 லட்சம் ரூபாய், மூன்று தவணையில். முதல் பக்கத்தில் எஞ்சினும் இல்லை, சேசிஸ் தகடும் இல்லை. டிபன் கேரியர் கொக்கிகளின் படமும், அவற்றில் எழுதியிருந்த டோக்கன் எண்களும், ஃபிட்டர் சொன்ன விவரமும் இருந்தன. அடுத்து நிலை அறிக்கை: எந்தத் தூண் எந்த அளவுக்கு உளுத்திருக்கிறது, எதை வைத்துக்கொள்கிறோம், எதை ஒட்டுப் போடுகிறோம். தேக்கு வேலையில் அறக்கட்டளை மாணவர்கள் தச்சரிடம் பயிற்சி பெறுவார்கள். ஏழாம் அட்டவணையில் தொழில் திறன் பயிற்சியும் ஒரு தலைப்பு என்பதால் நிறுவனத்துக்கு இரட்டிப்பு நியாயம் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் ஐந்து ஆண்டுப் பராமரிப்புக் கணக்கு.

ஜூலையில் ஒப்புதல் வந்தது. நேரில் பார்க்க வந்த அதிகாரி வண்டிக்குள் ஏறி, ஒரு கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் தாத்தாவும் விம்கோ நகர்ப் பக்கம் வேலைக்குப் போனவர் என்றார். அது தற்செயல்தான். ஆனால் விண்ணப்பத்தின் முதல் பக்கம் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வேலை நடந்த விதம்

முதல் தவணையில் கொட்டகை எழுந்தது. மேடான சிமென்ட் தளம், தகரக் கூரை, இரண்டு பக்கமும் காற்றோட்டம். வண்டியை மறுபடி டிரெய்லரில் ஏற்றிக் கொண்டு வந்தார்கள்.

இரண்டாம் தவணைதான் நெடுநாள் இழுத்தது. உளுத்த தூணடிகளை மட்டும் அறுத்தெடுத்து, சரிவாக இணைப்பு வெட்டி, பழைய கட்டடங்களில் இடித்தெடுத்த தேக்கில் ஒட்டுப் போட்டார் தச்சர். புது ஒட்டு ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும் ஆண்டு பொறிக்கப்பட்டது. தகடுகளைத் திரும்ப மாட்டும்போது திருகாணிக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் நைலான் வாஷர் போட்டார்கள். மாணவர்களுக்கு உப்புத்தாள் தேய்க்கும் வேலை கொடுப்பதாக இருந்தது. பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும் என்று மெக்கானிக் எச்சரித்ததும் அது நின்றது. பெயின்டை உலரத் தேய்ப்பதில்லை என்றும் பிரேக் டிரம்மைத் திறப்பதில்லை என்றும் முடிவானது. அதனால் வெளிப்பூச்சு இன்றும் திட்டுத்திட்டாகத்தான் இருக்கிறது. பார்க்க வருபவர்கள் சிலர் ‘இன்னும் பெயின்ட் அடிக்கலையா?’ என்று கேட்கிறார்கள். அடிக்கப் போவதில்லை.

பணக் கணக்கில் ஒரு சிக்கல் வந்தது. மூன்றாம் தவணைக்கு முன், வாங்கிய பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். தச்சருக்கும் உதவியாட்களுக்கும் வாராவாரம் ரொக்கமாகக் கூலி கொடுத்திருந்தார்கள், கையெழுத்து நோட்டு மட்டும்தான் இருந்தது. பழைய தேக்கு விற்றவரிடம் பில்லே கிடையாது. ஆடிட்டர் ஏற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனி வவுச்சர், அடையாள அட்டை நகல், அடுத்த மாதத்திலிருந்து வங்கிக் கணக்கில் சம்பளம் என்று சரி செய்வதற்குள் வேலை ஆறு வாரம் நின்றது. லேத், வெல்டிங் பில்களில் 18 சதவீத ஜி.எஸ்.டி. திட்டக் கணக்கில் சேர்க்கப்படாததால் இருக்கைகளுக்கு வைத்திருந்த பணம் குறைந்தது. முழு வரிசைக்குப் பதிலாக நான்கு இருக்கைகளுக்கு மட்டும் பழையபடி தேங்காய்நார் அடைத்து ரெக்சின் போட்டார்கள். மற்றவை வெறும் சட்டமாக நிற்கின்றன.

இன்றைய நிலை

பேருந்து கொட்டகைக்குள் நிலையாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் திறக்கிறார்கள். கொக்கிகளுக்குக் கீழே, அடையாளம் தெரிந்த டோக்கன் எண்களுக்கு உரியவர்களின் குடும்பங்கள் தந்த தகவல்கள், சம்மதம் கொடுத்தவர்களுடையது மட்டும், அட்டையில் இருக்கின்றன. ஒரு மூதாட்டி கணவரின் டிபன் கேரியரையே கொண்டு வந்து மாட்டிவிட்டுப் போனார். தச்சரிடம் பயின்ற மாணவர்களில் இருவர் மர வேலையிலேயே தொடர்கிறார்கள்.

மானியம் முடிந்துவிட்டது. பராமரிப்புக்கு அறக்கட்டளை ஒரு தொகை ஒதுக்குகிறது, பழைய தொழிலாளர் குடும்பங்கள் மாதாமாதம் சின்னத் தொகை போடுகின்றன. ஐந்து ஆண்டுக் கணக்கில் எழுதியதைவிடக் கொஞ்சம் குறைவாகவே சேர்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இன்னொரு வண்டிக்கோ படகுக்கோ இதே வேலையை எடுத்தால் குழு முதலில் செய்ய நினைப்பது உரிமைப் பத்திரம். வண்டி பள்ளியை விட்டு நகர்வதற்கு முன்பே, தாளாளர் இருக்கும்போதே, யாருக்கு, என்ன நிபந்தனையில் என்று எழுதி வாங்கியிருக்கலாம். பின்னால் நிர்வாகம் மாறியதும் அதே கையெழுத்துக்குப் பல மாதம் அலைய நேர்ந்தது.

தாழ்வான மனையில் நிறுத்தியதும் அப்படித்தான். வாடகை இல்லாத இடம் என்பதால் யாரும் யோசிக்கவில்லை. 2015 வெள்ளத்தில் அங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தூணடிகளுக்குச் செலவான தேக்கில் பெரும்பகுதி அந்த ஒரு வாரத்தின் விலை என்பது தச்சரின் கணக்கு.

கூலிக் கணக்கை முதல் வாரத்திலிருந்தே ஆடிட்டரோடு உட்கார்ந்து அமைத்திருக்க வேண்டும். தன்னார்வலர்களின் உழைப்பையும் மணிக்கணக்கில் பதிவு செய்திருக்கலாம். பிரிட்டிஷ் லாட்டரி நிதியம் அதை விண்ணப்பதாரரின் பங்களிப்பாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இங்கே நிறுவனங்கள் கேட்பதில்லை, ஆனால் காட்டினால் படிக்கிறார்கள். ஃபிட்டரும் மெக்கானிக்கும் கொடுத்த உழைப்புக்கு இன்று எழுத்தில் எந்தச் சான்றும் இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

டோக்கன் எண்களுக்கு உரியவர்களின் பேச்சை ஆரம்பத்திலேயே பதிவு செய்யத் தொடங்கியிருக்க வேண்டும். அதை மூன்றாம் தவணையில் வைத்திருந்தார்கள். பணம் தாமதமான அந்த மாதங்களில் இருவர் காலமாகிவிட்டார்கள். பதிவு செய்ய ஒரு கைபேசி போதும், மானியத்துக்குக் காத்திருக்கத் தேவையே இல்லை.

எஞ்சின் பேச்சு முடிந்துவிடவில்லை. போன வருடம் மெக்கானிக் புதுப்பேட்டையில் பொருத்தமான ஒரு இன்ஜெக்‌ஷன் பம்ப்பைக் கண்டுபிடித்து, விலையும் பேசிவிட்டு வந்தார். கூட்டத்தில் நெடுநேரம் பேசினார்கள். கையிருப்பு ஒரு வேலைக்குத்தான் போதும் என்பதால், அந்த ஆண்டுப் பணம் கொட்டகையின் வடபக்கத் தகரத்தை மாற்றவும் கரையான் மருந்து அடிக்கவும் ஒதுக்கப்பட்டது. பம்ப் இன்னும் கடையில்தான் இருக்கிறது, மெக்கானிக் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.